கிரேட்ஃபுல் டெட்: முதலில் எந்தக் கச்சேரியைக் கேட்பது?

லெட் ஸெப்பெலினையோ பிங்க் ஃப்ளாய்டையோ கேட்கத் தொடங்குவது சுலபம். நாலைந்து ஆல்பங்களின் பெயரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் விஷயத்தில் அந்த வழி செல்லாது. 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கி 1995இல் குழுவின் கிட்டார்காரரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை அவர்கள் வாசித்த கச்சேரிகள் சுமார் 2,300. அவற்றில் பெரும்பகுதிக்கு ஏதோ ஒரு வடிவில் ஒலிப்பதிவு இருக்கிறது. இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தைத் திறந்தால் வருடம் வருடமாக, தேதி தேதியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதையோ ஒன்றைச் சொடுக்கிவிட்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பதைக் கேட்டு வெறுத்துப்போய் மூடிவிட்டவர்கள் நிறையப் பேர்.

ஸ்டுடியோ ஆல்பத்திலிருந்து தொடங்கலாமே என்று கேட்கலாம். 1970இல் வந்த 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்', 'அமெரிக்கன் பியூட்டி' இரண்டும் அருமையான பாட்டுகள் கொண்டவை, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டவருக்கு, இந்தக் குழுவின் பின்னால் ஜனங்கள் ஏன் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு அலைந்தார்கள் என்பது கடைசிவரை புரியாது. 'டார்க் ஸ்டார்' 1968இல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிடம்கூடக் கிடையாது. மறு வருடமே மேடையில் அது 23 நிமிடம் ஓடியது. நம் ஊரில் பழைய கச்சேரி கேசட் சேர்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது: ஒரே வித்வான், ஒரே தோடி, ஆனால் மியூசிக் அகாடமியில் பாடியது வேறு, கோயில் திருவிழாவில் பாடியது வேறு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பார்கள். டெட் ரசிகர்கள் செய்வதும் அதேதான்.

ஆகவே முடிவு செய்ய வேண்டியது, எந்தக் கச்சேரி என்பதை. ஐந்து வாசல்கள் உண்டு. 1969இன் 'லைவ்/டெட்', 1972இன் 'யூரோப் 72', அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரேகான் மாநிலத்து வெனிட்டாவில் நடந்த கச்சேரி, 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி, 1990 மார்ச் 29 நாசோ கொலிசியம் கச்சேரி. ஐந்துமே முறையாக வெளியானவை, ஒலி சுத்தமானவை. பார்வையாளர் வரிசையில் மைக் வைத்துப் பிடித்த பதிவுகளுக்கு என்று தனிச் சுவை உண்டு. அது பழகிய காதுக்கு. புதிதாக வருபவருக்கு அரங்கின் ஒலி மிக்சரிலிருந்து நேராக எடுத்த சவுண்ட்போர்டு பதிவுதான் சரி.

முதலில் 'லைவ்/டெட்'. இது பிறந்த கதையே வேடிக்கையானது. அதற்கு முந்தைய ஸ்டுடியோ ஆல்பத்தில் நேரத்தையும் பணத்தையும் தண்ணீராகச் செலவழித்து வார்னர் பிரதர்ஸ் கம்பெனிக்குக் கடன்பட்டுவிட்டார்கள். கணக்கைச் சமாளிக்க மலிவாக ஒரு லைவ் ஆல்பம் தேவைப்பட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவில் அவர்கள் வழக்கமாக வாசிக்கும் அவலான், ஃபில்மோர் வெஸ்ட் அரங்குகளுக்குப் பதினாறு டிராக் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், 1969 ஜனவரி முதல் மார்ச் வரை பதிவு செய்ததில் பொறுக்கியெடுத்தது இது. முதல் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, 'டார்க் ஸ்டார்'. பல்லவி போன்ற ஒரு சின்ன மெட்டைச் சொல்லிவிட்டு அங்கிருந்து கிளம்பிவிடுகிறார்கள். கார்சியாவின் கிட்டார் முன்னால் போகிறது என்று நினைத்தால், உண்மையில் இழுத்துக்கொண்டு போவது ஃபில் லெஷ்ஷின் பேஸ். மேற்கத்திய சாஸ்திரிய இசை படித்துவிட்டு ராக்குக்கு வந்த ஆள். அடியில் நின்று தாங்குவது என்ற பேஸ்காரரின் வேலையை அவர் ஒருநாளும் ஒழுங்காகச் செய்ததில்லை, நல்லவேளை. அப்புறம் 'தி லெவன்': பெயருக்கேற்ப பதினொரு எண்ணிக்கை, மூன்று மூன்று மூன்று இரண்டு என்று ஓடுவது. கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் முதல் தடவையே பிடித்துவிடலாம்.

இதில் சிக்கல் என்னவென்றால், கடைசிப் பகுதியில் ஆம்ப்பையும் கிட்டாரையும் எதிரெதிரே வைத்துக் கிளப்பும் இரைச்சலே ஏழெட்டு நிமிடத்துக்குத் தனி டிராக்காக இருக்கிறது. குழுவின் ஆரம்பகால உறுப்பினர் பிக்பென் பாடும் 'டர்ன் ஆன் யுவர் லவ் லைட்' கால் மணி நேரம். அரங்கில் இருந்தவர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும், ஹெட்போனில் கேட்பவருக்குக் கொஞ்சம் நீளம்தான். ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனையோ நீண்ட ஆலாபனையையோ உட்கார்ந்து கேட்டுப் பழகியவர் இங்கிருந்தே தொடங்கலாம். மற்றவர்கள் இதை இரண்டாவதோ மூன்றாவதோ வைத்துக்கொள்ளலாம்.

'யூரோப் 72' இதற்கு நேர் எதிர். 1972 ஏப்ரல், மே மாதங்களில் குடும்பம், நண்பர்கள், வேலையாட்கள் எல்லோரையும் இரண்டு பஸ்களில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றி 22 கச்சேரிகள் செய்தார்கள். எல்லாவற்றையும் பதிவு செய்து, அதிலிருந்து தேர்ந்து மூன்று எல்பியாக வெளியிட்டார்கள். இதில் முக்கியமான சங்கதி: 'ஜாக் ஸ்ட்ரா', 'பிரவுன் ஐட் விமன்', 'ராம்பிள் ஆன் ரோஸ்', 'டென்னசி ஜெட்', 'ஹீஸ் கான்' போன்ற பாட்டுகளை இவர்கள் ஸ்டுடியோ ஆல்பமாக்கவே இல்லை. இந்த லைவ் ஆல்பம்தான் அவற்றின் மூலப் பிரதி. ராபர்ட் ஹன்டர் எழுதிய வரிகள் பெரும்பாலும் கதை சொல்பவை, சூதாடிகளும் ரயிலில் தொற்றிப் போகிறவர்களும் சாராயம் காய்ச்சும் கிழவர்களுமாக. பாட்டு நன்றாக இருக்க வேண்டும், வாசிப்பு அதற்குப் பின்னால் வரட்டும் என்பவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இவர்கள் பாடகர்கள் என்று சொல்லிக்கொள்ளும்படியான பாடகர்கள் இல்லை. கார்சியாவின் குரலில் ஒரு தழுதழுப்பு உண்டு, அது வேறு யாருக்கும் வராது. சேர்ந்து பாடும்போது மட்டும் சுருதி எங்கெங்கோ போகும். அது அவர்களுக்கே தெரிந்திருந்தபடியால் ஊருக்குத் திரும்பி வந்து ஸ்டுடியோவில் குரல்களில் நிறைய இடங்களை மறுபடி பாடிச் சேர்த்துவிட்டார்கள். கைதட்டல் சத்தத்தையும் குறைத்துவிட்டார்கள். அதனால் கேட்க மிக இனிமை, ஆனால் முழு லைவ் என்று சொல்ல முடியாது. 2011இல் அந்த 22 கச்சேரிகளையும் ஒட்டு வேலை இல்லாமல் முழுசாக வெளியிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்க யாருக்கு நேரம்! எனினும் லண்டன் லைசியத்தில் மே 26 அன்று நடந்த கடைசிக் கச்சேரியையாவது கேட்கலாம். பிக்பென் உடல்நிலை மோசமாகிக்கொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டு மார்ச்சில், 27 வயதில் இறந்துபோனார்.

இங்கே டிரம்ஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எந்தக் காலத்து டெட் உங்களுக்குப் பிடிக்கும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். பில் க்ரொய்ட்ஸ்மன், மிக்கி ஹார்ட் என்று இரண்டு டிரம்மர்கள். ஹார்ட்டின் அப்பாதான் ஒரு காலத்தில் குழுவின் மேனேஜர். அவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனதில் மனமுடைந்த மகன் 1971 பிப்ரவரியில் விலகிவிட்டார். 1974 அக்டோபரில்தான் திரும்பி வந்தார். நடுவிலிருந்த மூன்றரை வருடம் க்ரொய்ட்ஸ்மன் தனி ஆள். அந்தக் காலத்து டெட் ஒல்லியாக, சுறுசுறுப்பாக, நினைத்த இடத்தில் நினைத்த நொடியில் திரும்பும். இரண்டு டிரம்மர் காலத்து டெட் கனமாக, அகலமாக அசைந்து நடக்கும். ஆடுவதற்கு இது நல்லது, தாவுவதற்கு அது நல்லது. ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர். 1991இல் அவர் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு நம்முடைய கடம் விக்கு விநாயக்ராமும் வாசித்திருக்கிறார். உலக இசை ஆல்பத்துக்கு என்று கிராமி விருது முதன்முதலாகக் கொடுத்தபோது அது இந்த ஆல்பத்துக்குத்தான் போனது.

தனி டிரம்மர் காலத்தின் உச்சம் எது என்று கேட்டால் என் பதில் வெனிட்டா, 1972 ஆகஸ்ட் 27. சக் கேசி என்பவரின் ஸ்பிரிங்ஃபீல்ட் பால் பண்ணைக் கம்பெனி கடனில் தத்தளித்தது. அவர் எழுத்தாளர் கென் கேசியின் தம்பி, குழுவுக்குப் பழைய சிநேகிதம். அதற்கு உதவத் திறந்த வெளியில் ஒரு கச்சேரி வைத்தார்கள். அன்றைக்கு வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. மேடை சூரியனைப் பார்த்து இருந்ததால் கிட்டார்களில் சுருதி நிற்கவே இல்லை, அவ்வப்போது நிறுத்திச் சேர்க்கிறார்கள். நான் முன்பு சொன்ன அதே எரிச்சல் இதிலும் உண்டு. படமும் பிடித்திருக்கிறார்கள். கார்சியாவுக்குப் பின்னால் கம்பத்தில் ஒருவர் ஒட்டுத்துணி இல்லாமல் ஏறி உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். வீட்டில் பெரியவர்களோடு பார்ப்பதானால் யோசித்துக்கொள்ளுங்கள். படமும் பதிவும் பல வருடம் கள்ளப் பிரதியாகவே சுற்றி, 2013இல்தான் 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற பெயரில் முறையாக வந்தன.

இத்தனை குறையோடு இது ஏன் உச்சம்? 'பேர்ட் சாங்' கேட்டுப் பாருங்கள். ஒரு அவசரமும் இல்லாமல், மெட்டின் ஓரங்களைத் தடவிக்கொண்டே போய், பாட்டு என்பது எங்கே முடிந்து வாசிப்பு எங்கே தொடங்கியது என்று தெரியாமல் செய்துவிடுவார்கள். 'பிளேயிங் இன் தி பேண்ட்' பத்து எண்ணிக்கையில் சுற்றுகிறது. க்ரொய்ட்ஸ்மன் அதை ஜாஸ் டிரம்மர் போலச் சிதறடித்து வாசிக்கிறார். மாலையில் 'டார்க் ஸ்டார்' வருகிறது. முப்பது நிமிடத்தைத் தொடும் அதில், 1969இன் முரட்டுத்தனம் போய் நிதானம் வந்திருக்கிறது. கீத் காட்ஷாவின் பியானோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வேறு திசைக்குத் தள்ளுகிறது. ஒரு கட்டத்தில் தாளம் முழுக்கக் கரைந்து வெறும் சத்தங்களாகிவிடுகிறது. அந்த இடிபாட்டிலிருந்து குழுவின் இன்னொரு கிட்டார்காரர் பாப் வியர் நைசாக 'எல் பாசோ' என்ற பழைய கௌபாய் பாட்டுக்குள் நுழைவார். கேட்கும்போது சிரிப்பு வந்துவிடும். இந்த மாதிரி ஒரு திருப்பத்தை முன்கூட்டி எழுதி வைத்துச் செய்திருந்தால் செயற்கையாக இருந்திருக்கும். இவர்கள் பெரும்பாலும் என்ன வாசிக்கப் போகிறோம் என்று பட்டியல்கூட எழுதிக்கொள்ளாமல் மேடையேறியவர்கள்.

சரி, எல்லோரும் சொல்லும் கார்னெலுக்கு வருவோம். நியூயார்க் மாநிலம் இத்தாக்கா, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால், 1977 மே 8. மே மாதத்திலும் அன்று பனி பெய்தது. எந்த டெட் ரசிகரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் இதுதான். அதிலும் இரண்டு கட்சி உண்டு. இதைவிடச் சிறந்தது உலகத்தில் இல்லை என்பவர்கள் ஒரு பக்கம், எல்லோரும் சொல்வதாலேயே இதைப் பிடிக்காதவர்கள் மறுபக்கம். அப்படி ஒரு கச்சேரி நடக்கவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று கிண்டலாகச் சொல்லித் திரியும் ஒரு கூட்டமும் இருக்கிறது.

புகழுக்கு ஒரு காரணம் வாசிப்பு, இன்னொரு காரணம் பதிவு. குழுவோடு இருந்த ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் தனக்கென்று ரீலில் எடுத்து வைத்த பதிவு இது. 1980களின் நடுவில் அவர் பணக் கஷ்டத்தில் இருந்தபோது, வாடகை பாக்கியால் கிடங்கில் கிடந்த ரீல்கள் எல்லாம் ஏலத்துக்குப் போய்விட்டன. வாங்கியவர்கள் வழியாக அவை ரசிகர்களிடம் பரவின. 'பெட்டி போர்டு' என்றே அந்த டேப்களுக்குப் பெயர். கேசட்டுக்குக் கேசட் நகல் எடுத்தும் தெளிவு குறையாத பதிவு என்பதால் கார்னெல் கைமாறிக் கைமாறி ஊரெங்கும் போனது. குழுவும் இதற்குத் தடை போட்டதில்லை. 1984இல் அரங்குக்குள்ளேயே ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு என்று தனி இடமும் டிக்கெட்டும் ஒதுக்கினார்கள். காசுக்கு விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பது ரசிகர்களிடையே சட்டம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் கார்னெலைச் சேர்த்தபோது, அது முறையாகக் கடைக்கு வந்திருக்கவே இல்லை. நாற்பது வருடம் கழித்து 2017இல்தான் வெளியானது.

இதன் முதல் செட்டில், அதாவது இடைவேளைக்கு முந்தைய பகுதியில், பாட்டுகள் சின்னச் சின்னதாக, கச்சிதமாக இருக்கும். கடைசியில் வரும் 'டான்சிங் இன் தி ஸ்ட்ரீட்ஸ்' மட்டும் டிஸ்கோ வேஷம் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் ஆடும். கேலி செய்ய நினைத்தே உட்கார்ந்தாலும் கால் தாளம் போடும். இரண்டாம் செட்தான் விஷயம். தொடங்கும்முன் முன்வரிசையில் நசுங்குகிறவர்களுக்காக, எல்லோரும் ஓரடி பின்னால் போங்கள் என்று மேடையிலிருந்து விளையாட்டாகக் கெஞ்சுவதும் பதிவில் இருக்கிறது. உடனே 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்', அதிலிருந்து இடைவெளியே இல்லாமல் 'ஃபயர் ஆன் தி மவுன்டன்'. ஒரு பாட்டு கரைந்து மற்றொன்றாகும் அந்த இடம் எது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அப்புறம் ஏழு எண்ணிக்கையில் மெதுவாக நடக்கும் 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்'. மிஸ்ர சாபு பழகிய கைக்கு இது இன்னும் சுகம். முடிவில் 'மார்னிங் ட்யூ', அணுகுண்டுக்குப் பிறகு மிஞ்சிய இருவர் பேசிக்கொள்வதாக அமைந்த பாட்டு. கார்சியா கிசுகிசுப்பில் தொடங்கி, கடைசி சில நிமிடங்களில் கிட்டாரை வேகவேகமாகச் சுரண்டி அரங்கையே தூக்கிவிடுவார்.

கார்னெலின் குறை என்று சொல்வதானால், அது அளவுக்கு மீறி நேர்த்தி. 1977 வசந்தத்தில் இவர்கள் நன்றாகச் சாதகம் செய்த குழு, எதுவும் கைநழுவிப் போவதில்லை. வெனிட்டாவில் இருக்கும் அந்த 'விழுந்துவிடுவார்களோ' என்ற பயம் இங்கே கிடையாது. புதிதாகக் கேட்பவருக்கு அதுவே அனுகூலமும்.

ஐந்தாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990 மார்ச் 29, நாசோ கொலிசியம். ஜாஸ் சாக்ஸபோன்காரர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் ஒரு பாட்டுக்கு மட்டும் வாசிக்க வந்தவர், இரண்டாம் செட் முழுக்க நின்றுவிட்டார். 'ஐஸ் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டில் அவரும் கார்சியாவும் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வது பேரழகு. ஆனால் கீபோர்டும் மின்னணு மிடி சத்தங்களும் அந்தக் காலத்துக்கே உரிய பளபளப்போடு இருக்கும், எல்லோருக்கும் ஒத்துவராது. ஜாஸ் வழியாக வருகிறவருக்கு மட்டும் இதை முதலில் சொல்வேன். பிற்கால டெட் வேண்டும் என்பவருக்கும் இதுவே போதும், 1995 வரை தேடிக்கொண்டு போக வேண்டாம். கடைசி வருடங்களில் கார்சியாவின் உடல்நிலை வாசிப்பில் தெரிகிறது, கேட்கக் கஷ்டமாக இருக்கும்.

என் சிபாரிசு இரண்டு பகுதி. தொடங்குவதற்கு கார்னெல், அதுவும் இரண்டாம் செட்டிலிருந்து, ராத்திரி, ஹெட்போனில். முதல் செட்டை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். சேர்த்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்க ஒன்றே ஒன்று என்றால் வெனிட்டா. கார்னெலில் அடுத்து என்ன வரும் என்று நாலாவது தடவையில் மனப்பாடம் ஆகிவிடும். வெனிட்டாவின் 'டார்க் ஸ்டார்' எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. பாட்டுதான் முக்கியம், நீட்டி வாசிக்கும் ஜாம் எல்லாம் அப்புறம் என்பவர் இரண்டையும் விட்டுவிட்டு நேரே 'யூரோப் 72'க்குப் போகலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

நல்லதாக ஒன்று கேட்டதும் கையில் கிடைக்கும் எல்லாத் தேதிகளையும் இறக்கி வைத்துக்கொள்ளும் ஆசை வரும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது. ஆர்க்கைவ் தளத்தில் பார்வையாளர் பதிவுகளைத்தான் இறக்கிக்கொள்ள முடியும், சவுண்ட்போர்டு பதிவுகளைப் பெரும்பாலும் அங்கேயே கேட்க மட்டும்தான் முடியும். புதுப்புது வெளியீடுகளும் நின்றபாடில்லை. 2024 தொடக்கத்தில் ஒரு காப்பகக் கச்சேரி வெளியீட்டோடு, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் வந்த இவர்களுடைய ஆல்பங்கள் 59 ஆகி, எல்விஸ் பிரெஸ்லியையும் ஃபிராங்க் சினாட்ராவையும் தாண்டிவிட்டன. கார்சியா போய் முப்பது வருடம் ஆகப்போகும் நேரத்தில்! அந்த வெளியீடுகளைத் துரத்த வேண்டியதில்லை. கார்னெல் பிடித்திருந்தால் அடுத்து மறுநாள் கச்சேரிக்கே போங்கள், பஃபலோ, 1977 மே 9. கார்னெலில் வாசிக்காத 'ஹெல்ப் ஆன் தி வே', 'ஸ்லிப்நாட்', 'ஃபிராங்க்ளின்ஸ் டவர்' மூன்றையும் கோத்து அங்கே எடுத்த எடுப்பிலேயே தொடங்குகிறார்கள். பஃபலோதான் உண்மையில் ஒருபடி மேல் என்று சொல்லும் ரசிகர்களும் குறைவில்லை.